பாலையில் காத்த உயிர்கள்: கேஜர்லி முதல் கீச்சன் வரை

பாலை நிலத்தைப் பற்றி முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். குறிஞ்சியும் முல்லையும் கோடையின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் தரும் விளக்கத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைத்திருக்கிறேன். மழை பெய்தால் மறைந்துவிடும் நிலமே தமிழர் அறிந்த பாலை. ஆண்டு முழுவதும் பாலையாகவே இருக்கும் நிலத்தை நான் கண்ணால் கண்டது, பணி ஓய்வு பெற்றபின் சுற்றத்தாரோடு இராசத்தான் மாநிலத்துச் சினாலயங்களுக்கு யாத்திரை சென்றபோதுதான்.

ஜோத்பூருக்கு வடக்கே உள்ள ஓசியானில், எட்டாம் நூற்றாண்டில் எழுந்த மகாவீரர் ஆலயத்தை வணங்கினோம். ஓஸ்வால் சமணர் தம் குலத்தின் தோற்றுவாயாகக் கருதும் ஊர் அது. அங்கிருந்து பலோடி நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் மணலும் முள்மரங்களுமே தென்பட்டன. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் 51 பாகை செல்சியசு வெப்பம் பதிவான ஊர் பலோடி. அதற்கும் மேற்கே ஜெய்சல்மேர்ப் பகுதியில் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டரே. இத்தகைய நிலத்தில் மானும் மயிலும் மனிதனுக்கு அஞ்சாமல் உலவுவதைக் கண்டபோது வியப்பு மேலிட்டது. அதன் காரணத்தைத் தேடியபோது முந்நூறு ஆண்டு வரலாறு ஒன்று விரிந்தது. அவ்வரலாற்றில் நம் சமயத்தாருக்குப் பெருமை தரும் பக்கமும் உண்டு. நம்மை நாமே வினவிக்கொள்ளச் செய்யும் பக்கமும் உண்டு. இரண்டையும் இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இருபத்தொன்பது நெறிகள்

மார்வார் நாட்டு நாகௌர்ப் பகுதியில், பீபாசர் என்னும் சிற்றூரில் 1451 ஆம் ஆண்டு பிறந்தவர் ஜாம்போஜி. இளமையில் ஆனிரை மேய்த்து வாழ்ந்தவர். அக்காலத்தில் மார்வாரைக் கொடிய வறட்சி வாட்டியது. மக்கள் தம் கால்நடைகளைக் காக்க எஞ்சியிருந்த மரங்களை வெட்டினர். மரங்கள் அழிந்தபின் கால்நடைகளும் மடிந்தன. இயற்கையோடு பகைத்து இந்நிலத்தில் வாழ இயலாது என்று உணர்ந்த ஜாம்போஜி, 1485 ஆம் ஆண்டு இருபத்தொன்பது ஒழுக்க நெறிகளை வகுத்து மக்களுக்கு உணர்த்தினார். அவரைப் பின்பற்றியோர் பிஷ்னோய் எனப்பட்டனர். இருபது, ஒன்பது என்னும் இரண்டு எண்ணுப்பெயர்கள் இணைந்து அமைந்த பெயர் அது என்பர்.

பசுமரத்தை வெட்டாதிருத்தல், உயிர்களிடத்து இரக்கம் காட்டல் என்பன அந்நெறிகளுள் தலையாயவை. நீரையும் பாலையும் வடிகட்டியே பருக வேண்டும் என்பதும், அடுப்பிலிடும் விறகில் சிற்றுயிர்கள் உள்ளனவா என்று பார்த்து நீக்கிய பின்னரே எரிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். நீரை வடித்தெடுக்கும் வழக்கத்தைப் பாட்டிமாரிடமிருந்து கற்ற நம் வீட்டுப் பெண்கள், இவ்விதியைக் கேட்டதும் தம் வீட்டு வழக்கம் போலவே உள்ளதே என்றனர். பிஷ்னோய்கள் வைணவ மரபைச் சார்ந்தவர்கள். நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் கொல்லாமை என்னும் ஒரே ஊற்றின் நீரையே இருவரும் பருகுகிறோம்.

பிஷ்னோய்கள் தம்முள் இறந்தோரை எரியூட்டுவதில்லை, மண்ணில் புதைக்கின்றனர். பிணம் எரிக்கவும் மரம் வேண்டுமன்றோ? வாழ்நாள் முழுவதும் காத்த மரத்தை இறப்பின்போது வெட்டச் செய்தல் முறையன்று என்பது அவர்தம் கருத்து.

அவர்கள் போற்றும் மரங்களுள் முதன்மையானது கேஜ்ரி. அதுவே நாம் வன்னி என்று வழங்கும் மரம். தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் தல மரமாக நிற்பதை நாம் அறிவோம். பாலை நிலத்தில் அது வழிபாட்டுக்குரிய மரம் மட்டுமன்று. குடும்பத்தின் வாழ்வே அதனைச் சார்ந்துள்ளது. வேர் ஆழச் சென்று நீரைத் தேடுவதால் கோடையிலும் தழைத்து நிற்கும். அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். சாங்கரி எனப்படும் அதன் காய் மனிதர்க்குக் கறியுணவு. அதன் நிழலில் விதைத்த கம்பு நன்கு விளையும். பெரும்பஞ்சக் காலங்களில் அதன் பட்டையையும் இடித்து மாவாக்கி உண்டு உயிர் பிழைத்தோர் உண்டு. 1983 ஆம் ஆண்டு கேஜ்ரியை இராசத்தான் அரசு தன் மாநில மரமாக அறிவித்தது.

கேஜர்லி, 1730

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் கேஜர்லி. கேஜ்ரி மரங்கள் நிறைந்திருந்தமையால் அப்பெயர் பெற்றது. 1730 ஆம் ஆண்டு மார்வார் மன்னர் அபய்சிங் புதிய அரண்மனை ஒன்றை எழுப்ப விரும்பினார். கட்டடத்திற்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். மரம் அரிய அந்நாட்டில் மரங்கள் அடர்ந்து நின்றது பிஷ்னோய் ஊர்களில்தான். அவ்வாறு நின்றமைக்குக் காரணம், இரண்டரை நூற்றாண்டுகளாக அவர்கள் கோடரி தொடாமல் காத்து வந்ததே. காத்தவர் ஊரிலேயே மரம் மிகுந்திருந்தது. ஆதலின் வெட்டுவோர் அங்கேயே வந்தனர்.

அதன் பின்னர் நிகழ்ந்ததைப் பிஷ்னோய் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். அரசு அலுவலர் கிரிதர்தாஸ் பண்டாரி என்பவர் ஆட்களோடு கேஜர்லிக்கு வந்தார். அமிர்தாதேவி என்னும் இல்லத்தரசி வெளியே வந்து, மரத்தை வெட்டலாகாது என்று தடுத்தார். பணம் கொடுத்தால் மரத்தை விட்டுவிடுவதாக அவர்கள் கூறியபோது, கையூட்டுத் தந்து மரத்தை மீட்பது தம் நெறிக்கே இழுக்கு என்று மறுத்தார். ஒரு தலையைக் கொடுத்து ஒரு மரம் பிழைக்குமாயின் அது மலிவான விலையே என்று கூறி மரத்தைத் தழுவி நின்றார். கோடரி அவர்மேல் வீழ்ந்தது. அவருடைய மகளிர் ஆசு, ரத்னி, பாகு ஆகிய மூவரும் அடுத்தடுத்து மரங்களைத் தழுவி உயிர் நீத்தனர்.

செய்தி அண்டை ஊர்களுக்குப் பரவியது. பிஷ்னோய்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தழுவினர். ஆணும் பெண்ணும், முதியோரும் இளையோருமாக 363 பேர் மாண்டனர். அவர்கள் கையில் படைக்கலம் இல்லை; வெட்ட வந்தவர்களை ஒருவரும் தாக்கவும் இல்லை.

செய்தியறிந்த மன்னர் மரம் வெட்டுதலை நிறுத்தி வருந்தினார். இனிப் பிஷ்னோய் ஊர்களின் எல்லைக்குள் பசுமரம் வெட்டுதலும் வேட்டையாடுதலும் குற்றம் என்று செப்பேட்டில் ஆணை பொறித்துத் தந்தார். இன்றும் ஆண்டுதோறும் பாத்திரபத மாதத்து வளர்பிறைத் தசமியில் கேஜர்லியில் பெருந்திரளாக மக்கள் கூடி அவர்களை நினைந்து போற்றுகின்றனர். 1973 இல் இமயமலைச் சாரலில் பெண்கள் மரங்களைத் தழுவி நின்ற சிப்கோ இயக்கத்திற்கு முன்னோடியாகக் கேஜர்லியைக் குறிப்பிடுவர். வனத்தைக் காக்க உயிர் நீத்தோர்க்கான தேசிய நினைவு நாளாகச் செப்டம்பர் 11 கடைப்பிடிக்கப்படுவதும் இந்நிகழ்ச்சியை ஒட்டியே.

பண்டாரி என்னும் பெயர்

இவ்வரலாற்றைச் சொல்லும் நூல்களும் இதழ்களும் அமிர்தாதேவியின் பெயரைப் போற்றிவிட்டு அலுவலரின் பெயரைக் கடந்து செல்கின்றன. நாம் அவ்வாறு கடந்து செல்லுதல் முறையன்று. பண்டாரி என்பது மார்வாரின் ஓஸ்வால் சமணக் குடும்பங்கள் பல இன்றளவும் தாங்கிவரும் குலப்பெயர். மார்வார் அரசவையில் கணக்கு, கருவூலம், ஆட்சி ஆகிய பொறுப்புகளை அக்குலத்தார் பல தலைமுறை வகித்துள்ளனர். கோடரியை ஏவிய ஆணையின் அருகே அத்தகைய பெயரைக் காணும்போது, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது.

நம் ஆசாரிய பெருமக்கள் இதனைக் குறித்து நம்மை எச்சரிக்காமல் விடவில்லை. மரமும் செடியும் ஓரறிவுயிர் என்பது நம் கொள்கை. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவே வகுக்கிறது. இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் ஒன்றாகிய அநர்த்ததண்ட விரதம், தேவையின்றி நிலத்தை அகழ்தலும் மரத்தை வெட்டுதலும் நீரை வீணாக்குதலும் தீவினை என்று விலக்குகிறது. நூலறிவில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அன்று கேஜர்லியில் அந்நூலறிவை மெய்யாக்கியவர்கள், எழுத்தறிவு மிகுதியாக வாய்க்கப்பெறாத உழவரும் மேய்ப்பருமே.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்றுண்டு. தன் கையால் ஓர் உயிரையும் கொல்லாதவன், தான் கையொப்பமிட்ட ஓலையால் பல உயிர்கள் மாள்வதைக் காணாமல் இருந்துவிட இயலும். கொல்லாதிருத்தல் வீட்டுக்குள் இருந்தவாறே கடைப்பிடிக்கத்தக்க அறம். காத்தலோ வெளியே வந்து வெயிலில் நின்றாலன்றி நிறைவேறாது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாய் அமைந்தவை என்னும் நம் ஆகமக் கொள்கை, இவ்விரண்டையும் சேர்த்தே நம்மிடம் கேட்கிறது.

பிஷ்னோய்கள் அக்காத்தலை இன்றும் விடவில்லை. தாய்மான் இறந்தால் அதன் குட்டியை வீட்டிலேயே வளர்க்கும் பெண்கள் அவர்களிடையே உண்டு. கோடையில் மான்கள் பருக நீர்த்தொட்டிகளை நிரப்பி வைப்பர். இரவில் வயல்வெளியில் வண்டியின் விளக்கொளி தெரிந்தாலோ துப்பாக்கி ஓசை கேட்டாலோ ஊரார் திரண்டு ஓடுவர். 2000 ஆம் ஆண்டு கங்காராம் பிஷ்னோய் என்பவர் வேட்டையாடிய கும்பலைத் துரத்திச் சென்று உயிரிழந்தார். வனவிலங்குகளைக் காப்போர்க்கென நடுவணரசு அமிர்தாதேவியின் பெயரால் நிறுவிய தேசிய விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது.

1998 ஆம் ஆண்டு காங்காணி என்னும் ஊரருகே கலைமான்கள் இரண்டு சுடப்பட்டன. நாம் கோடியக்கரையில் காணும் அதே இனத்து மான்கள் அவை. ஊரார் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஒருவர்மீது முறையிட்டுச் சாட்சி சொல்ல முன்வந்தனர். இருபது ஆண்டுகள் வழக்கு நீண்டது. 2018 ஏப்ரலில் ஜோத்பூர் விசாரணை நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். வழக்கின் முடிவு எதுவாயினும், எளிய சிற்றூர் மக்கள் இருபது ஆண்டுகள் வேலையை விட்டு நீதிமன்றம் ஏறி இறங்கியதும் காவற்பணியே என்று கருதுகிறேன்.

கீச்சனின் விடியல்

பலோடியை அடுத்து உள்ளது கீச்சன். மணற்கல்லில் நுண்வேலைப்பாடு செய்த சமண வணிகர்களின் பழைய மாளிகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பல மாளிகைகளின் கதவுகள் பூட்டியே கிடந்தன. உரியவர்கள் வாணிகத்தின் பொருட்டுத் தொலைவான நகரங்களில் வாழ்கின்றனர். அந்த ஊருக்குப் புகழ் தேடித் தந்தது மாளிகைகள் அல்ல, பறவைகளே.

ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதி, செப்டம்பர் மாதங்களில் மங்கோலியா முதலிய நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து டெமாய்செல் கொக்குகள் இமயமலையைக் கடந்து வருகின்றன. குர்ஜா என்று அவ்வூரார் அவற்றைச் செல்லமாக அழைப்பர். சாம்பல் நிற உடலும் கருங்கழுத்தும் செங்கண்ணும், கண்ணின் பின்னே வெண்ணிற இறகுக்கொத்தும் கொண்ட எழிலார்ந்த பறவை அது. கணவனைப் பிரிந்த பெண் குர்ஜாவைத் தூது விடுவதாக மார்வாரி நாட்டுப்பாடல்கள் பல உண்டு. அன்னத்தையும் நாரையையும் தூது விடுத்த நம் இலக்கிய மரபை அஃது எனக்கு நினைவூட்டியது.

1970 களின் தொடக்கத்தில் கீச்சனைச் சேர்ந்த ரத்தன்லால் மாலூ என்னும் சமண அன்பர் புறாக்களுக்கும் சிட்டுகளுக்கும் தானியம் தூவி வந்தார். அம்முற்றத்தில் சில குர்ஜாக்களும் வந்து இறங்கின. அவற்றுக்கும் தானியம் இட்டார். அடுத்த ஆண்டு அவை மேலும் பலவற்றை அழைத்து வந்தன. நாய்கள் துரத்தியமையால் ஊர்ப்புறத்தே ஓர் இடத்தை வேலியிட்டு அவற்றுக்கென ஒதுக்கினர். சுக்கா கர் என வழங்கும் அத்தீவன முற்றத்துக்குச் சமணக் குடும்பங்களும் பிற ஊராரும் பொருள் வழங்கினர். சில பத்துகளாக இருந்த பறவைகள் இன்று குளிர்கால உச்சத்தில் இருபதாயிரத்தை எட்டுகின்றன. நாள்தோறும் பல குவிண்டால் சோளம் தேவைப்படுகிறது. 2025 ஜூன் மாதம், ராத்ரி நதி, விஜயசாகர் என்னும் இரு நீர்நிலைகளை உள்ளடக்கிய கீச்சன், ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது.

மார்கழிக் குளிரில் விடியுமுன்பே நாங்கள் அங்கே சென்றுவிட்டோம். முற்றம் வெறுமையாக இருந்தது. சோளம் முன்னரே பரப்பப்பட்டிருந்தது. கதிரவன் எழுந்தபின் தொலைவில் மெல்லிய கூக்குரல் கேட்டது. பின்னர் வானமே அசைவது போலக் கூட்டங்கள் வந்து வட்டமிட்டன. முதலில் இறங்கத் தயங்கின. சில பறவைகள் இறங்கி நின்று சுற்றும்முற்றும் நோக்கியபின், மற்றவை அணியணியாக இறங்கின.

எங்களோடு சென்னையிலிருந்து வந்திருந்த மார்வாரி வணிகர் ஒருவர் நம் தமிழை நன்கு பேசுவார். "ஐயா, எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் சோளத்துக்குப் பணம் அனுப்புகிறது. ஆனால் நானே இதை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். அப்போது முற்றத்தின் மறுகோடியில் துப்புரவுப் பணிக்காக ஒருவர் துடைப்பத்தோடு காத்திருந்தார். அவரைக் காட்டி, "நாங்கள் கொடுப்பது பணம், இவர்கள் கொடுப்பது தம் விடியற்காலைகளை" என்றார். அச்சொல் என் மனத்தில் நிலைத்துவிட்டது.

அவ்விடியற்காலைப் பணி எத்தன்மையது என்பதை ஊராரிடம் கேட்டறிந்தோம். மூட்டைகளைச் சுமந்து வந்து தானியத்தைச் சீராகப் பரப்ப வேண்டும். பறவைகள் சென்றபின் எச்சத்தையும் இறகையும் கூட்டி அள்ள வேண்டும். நாய்கள் நுழையாமல் காக்க வேண்டும். மின்கம்பியில் மோதிச் சிறகொடிந்த பறவைகளை எடுத்து வந்து மருந்திட்டுப் பேண வேண்டும். எந்த இடத்தில் எத்தனை பறவைகள் கம்பியில் மோதின என்று குறித்துவைத்து, அக்கம்பிகளை அகற்றுமாறு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். ஊர்த் தன்னார்வலர்கள் இவற்றைக் கூலி கருதாது செய்து வருகின்றனர்.

தீவனமிடுதலைக் குறித்து அறிவியலார் சிலர் எழுப்பும் ஐயத்தையும் மறைத்தலாகாது. ஆயிரக்கணக்கான பறவைகள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடினால் நோய் விரைந்து பரவும் என்பர். 2021 நவம்பரில் ஜோத்பூர் மாவட்டத்துக் கபர்தாவில் பறவைக்காய்ச்சலால் குர்ஜாக்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. ஆதலின் இரக்கம் மட்டும் போதாது. முற்றத்தைத் தூய்மையாக வைத்தலும், நோயுற்ற பறவையைக் கண்டவுடன் கால்நடை மருத்துவர்க்கு அறிவித்தலும், அளவறிந்து இடுதலும் வேண்டும். தானம் செய்பவன் அதன் விளைவையும் அருகிருந்து காண வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கம்பியும் கானமயிலும்

கீச்சனுக்கு மேற்கே ஜெய்சல்மேர், பாட்மேர் மாவட்டங்களில் பரந்துள்ளது பாலைவனத் தேசியப் பூங்கா. 1980 ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற அதன் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். நாம் கானமயில் என்னும் பறவையின் இறுதிப் புகலிடம் அதுவே. இராசத்தான் மாநிலப் பறவையாகிய இது முன்னாளில் தமிழகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் வாழ்ந்தது. இன்று நாடு முழுவதிலும் 150 க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. நம் மண்ணில் பெயர் மட்டும் நிலைத்தது, பறவை மறைந்தது.

ஆண் கானமயில் 15 கிலோகிராம் வரை எடை கொள்ளும். பெண் பறவை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டையை வெறுந்தரையில் இடும். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருத்தலால் நேர் எதிரே உள்ள கம்பி அதற்கு எளிதில் புலப்படாது. புலப்பட்டாலும் கனத்த உடலைத் திருப்புவதற்குள் மோதிவிடும். பாலை நிலத்தில் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின. பலோடி அருகே பட்லாவில் உள்ள சூரிய மின்பூங்காவின் திறன் மட்டும் 2,245 மெகாவாட். காற்றைக் கெடுக்காத மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விலையை ஊமைப் பறவையும் கேஜ்ரி மரமும் செலுத்துகின்றன.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கானமயில் வாழிடங்களில் மின்கம்பிகளை நிலத்தடியே கொண்டுசெல்லுமாறு ஆணையிட்டது. நடைமுறை இடர்ப்பாடுகளை அரசு எடுத்துரைத்ததன்பேரில் 2024 மார்ச்சில் அவ்வாணையைத் திருத்தி, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. 2019 இல் தொடங்கப்பெற்ற வளர்ப்பகத்தில் முட்டைகள் பொரிக்கப்பெற்றுக் குஞ்சுகள் வளர்க்கப்படுகின்றன. அக்குஞ்சுகள் பின்னாளில் சென்று வாழ்வதற்குத் திறந்த நிலம் எஞ்சியிருத்தல் வேண்டும்.

அந்நிலத்தைக் காத்து நிற்பவர்கள் மேய்ப்பரும் சிற்றூர் இளைஞருமே. ஓரண் என்பது தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட மேய்ச்சற்காடு. நம் ஊர்களில் ஐயனார்க்கு விடும் கோயிற்காடு போன்றது. அங்கே பசுமரத்தில் கோடரி படலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆயினும் பல ஓரண்கள் அரசுப் பதிவேடுகளில் வெறும் தரிசாகவே குறிக்கப்பெற்றுள்ளன. அவற்றை ஓரண் எனப் பதிவுசெய்ய வேண்டி மக்கள் வெயிலில் நெடுந்தொலைவு நடைப்பயணம் செல்கின்றனர். கம்பித் தடங்களின் கீழே நடந்து இறந்த பறவைகளை எண்ணிக் குறிக்கின்றனர். கோடையில் தொலைவிலிருந்து நீர் கொண்டுவந்து தொட்டிகளில் நிரப்புகின்றனர். பீகானேர்ப் பகுதியில் சூரிய மின்நிலையங்களுக்காகக் கேஜ்ரி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துப் பிஷ்னோய்கள் மீண்டும் திரண்டுள்ளனர். அரண்மனைக்காக வந்த கோடரி இன்று வேறொரு தேவைக்காக வருகிறது. மரத்தருகே நிற்போர் அவர்களே.

செப்பேட்டு ஆணையும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இன்றியமையாதவை. ஆனால் அவை ஒவ்வொன்றும் எழுதப்படுவதற்கு முன்னும், எழுதப்பட்ட பின்னும், நிலத்தில் நின்று காப்போர் இருந்தாக வேண்டும். இருநூற்று நாற்பது ஆண்டுகட்கும் மேலாகப் பிஷ்னோய்கள் காத்த மரங்களையும் மான்களையுமே பிற்காலச் சட்டம் தன் காவலுக்கு எடுத்துக்கொண்டது.

நமக்குரிய பங்கு

இவ்வரலாறு தொலைதூரத்து மணல்வெளியில் நிகழ்ந்ததாயினும், தமிழ்ச் சமணராகிய நம்மோடு இதற்கு உறவுண்டு. நம் அறக்கட்டளைகள் யாத்திரைகள் நடத்துகின்றன. நம் குடும்பங்கள் சீவதயைக்கென உண்டியலில் காசு இடுகின்றன. அக்காசு நின்றால் கீச்சனின் முற்றம் வெறுமையாகும். எனவே பொருட்கொடையைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எனக்கில்லை. அதனோடு ஒரு நாள் உடலுழைப்பையும் சேர்த்துக்கொள்வோம் என்பதே என் வேண்டுகோள்.

ஓசியான் செல்லும் நம் யாத்திரைக் குழுவினர் குளிர்காலத்தில் செல்வாராயின், கீச்சனில் ஒரு விடியலைச் செலவிடலாம். பறவைகள் சென்றபின் முற்றத்தைக் கூட்டும் அன்பர்களோடு நம் இளைஞரும் துடைப்பம் எடுக்கலாம். கேஜர்லிக்கும் சென்று அம்மரங்களின் கீழ்ச் சிறிது நேரம் அமரலாம். நம் பிள்ளைகளுக்கு அமிர்தாதேவியின் பெயரைச் சொல்லும்போது, பண்டாரி என்னும் பெயரையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்தன்லால் மாலூவின் பெயரையும் சொல்ல வேண்டும். ஒரே மார்வார் மண்ணில், ஒருவர் ஆணைக்குப் பணிந்து கோடரியோடு வந்தார். மற்றொருவர் எவர் ஆணையும் இன்றித் தானியத்தோடு வந்தார். பிறப்பு எவரையும் உயிர்காப்பவர் ஆக்குவதில்லை. அவரவர் நாள்தோறும் செய்யும் செயலே ஆக்குகிறது.

நம் பக்கத்திலேயே வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினி ஆட்சியரிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். அவர்களும் ஏரிக்கரையில் நின்ற உழவர்களே. வந்தவாசியிலும் செய்யாற்றிலும் திண்டிவனத்திலும் நம் ஊர்களைச் சுற்றி ஏரிகளும் முட்புதர்க்காடுகளும் முனிவர் தங்கிய குன்றுகளும் உள்ளன. அவற்றிலும் காக்கப்பட வேண்டிய உயிர்கள் பல உண்டு.

கீச்சனை விட்டுப் புறப்படும் வேளையில் திரும்பிப் பார்த்தேன். குர்ஜாக்கள் எல்லாம் நீர்நிலை நோக்கிப் பறந்துவிட்டன. துடைப்பத்தோடு காத்திருந்தவர் முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து கூட்டத் தொடங்கியிருந்தார். மறுநாள் விடியலுக்குள் முற்றம் தூய்மையாக இருக்க வேண்டும். பறவைகள் மீண்டும் வரும்.

கொல்லா அறம் ஓங்குக! காக்கும் கைகள் பெருகுக!